பேய்க்கு ஐந்நூறு ரூபாய்

போன சனிக்கிழமை பெங்களூரிலிருந்து அக்கா மகன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக, "சித்தி, புதுச்சேரியோட இருண்ட வரலாறுன்னு ஒரு நடைப் பயணம் இருக்காம், ராத்திரி ரெண்டு மணி நேரம், தலைக்கு ஐந்நூறு, உங்களுக்கும் சேத்து புக் பண்ணிட்டேன்" என்றான். பிறந்ததிலிருந்து முதலியார்பேட்டையில் இருக்கிறவளுக்கு அவள் ஊரைச் சுற்றிக்காட்ட ஐந்நூறு ரூபாயா என்று வயிறு எரிந்தது. சரி, பணம் கட்டியாச்சு, கடற்காற்றாவது வாங்கலாம் என்று போனேன்.

பழைய கலங்கரை விளக்கத்துப் பக்கம் கூடினோம், மொத்தம் பதினோரு பேர். வழிகாட்டித் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நல்ல குரல், கையில் பேட்டரி லாந்தர். துமா வீதி, ரொமேன் ரோலான் வீதி என்று மஞ்சள் சுவர்களை ஒட்டியே கூட்டிக்கொண்டு போனார். ஒரு பங்களா வாசலில் நிறுத்தி, லாந்தரைத் தன் முகத்துக்குக் கீழே பிடித்துக்கொண்டு, பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் மனைவி வாழ்ந்த வீடு இது, அமாவாசை இரவுகளில் மாடியில் அவர் பட்டுப் பாவாடை சரசரக்கிற சத்தம் இன்னமும் கேட்கிறது என்றார். இரண்டு பேர் செல்போனைத் தூக்கி மாடி ஜன்னலைப் படம் எடுத்தார்கள்.

அந்த அம்மாள் செத்தது பாரிஸில், 1756-ல். அப்புறம் 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டை, கவர்னர் மாளிகை, வெள்ளைக்காரர் வீடுகள் எல்லாவற்றையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இப்போது நிற்பதெல்லாம் அதற்குப் பிறகு எழும்பிய ஊர். ஆக, பாரிஸில் செத்த பேய் கப்பலேறி இங்கே வந்து, உயிரோடிருந்தபோது பார்த்தே இராத வீட்டில் குடியேறியிருக்கிறது. நான் வாயைத் திறப்பதற்குள் பையன் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டான்.

எனக்குப் பேய்க் கதை மேல் கோபமில்லை, என் பாட்டி சொல்லாத பேயா. அந்த அம்மாளைப் பற்றிச் சொல்ல நிஜமாகவே ஒரு கதை இருக்கும்போது எதற்கு இந்தச் சரசரப்பு என்பதுதான் என் கேள்வி. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் முற்றுகை போட்டிருந்த நேரத்தில், சம்பா கோயில் என்று நாங்கள் சொல்கிற கிறிஸ்தவ மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீஸ்வரர் என்ற சிவன் கோயிலை பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து அதற்கு எப்படி வழி செய்தார்கள் என்பதை, துய்ப்ளேயிடமே துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் மனம் வெதும்பி எழுதிவைத்திருக்கிறார். அந்த இடம் மிஷன் வீதியில், நாங்கள் நின்ற இடத்திலிருந்து பொடிநடையாகப் போகிற தூரம். இன்றைய ஈஸ்வரன் கோயில் பிற்பாடு காந்தி வீதியில் கட்டியது.

இதைப் பேசினால் வாட்ஸாப்பில் சண்டை மூட்டுகிற கூட்டம் தூக்கிக்கொண்டு ஓடும், அதனால்தான் விடுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் அதே நாட்குறிப்பை முழுதாகப் படித்தால் அந்தக் கூட்டத்துக்கும் அது அவ்வளவு வசதிப்படாது. 1745-ல் அதே சம்பா கோயிலுக்குள் சாதிக் கிறிஸ்தவர்களையும் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் இருந்ததும், அதை எடுக்கப்போய் ஊரே கொந்தளித்ததும் அதில் இருக்கிறது. 1743-ல் இந்தப் பக்கத்து ஏழை ஜனங்களை ஏமாற்றிப் பிடித்து, தலையை மழித்து, கறுப்புத் துணி கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அடிமைக் கப்பலுக்கு அனுப்பியதும் இருக்கிறது. கப்பல் பிரெஞ்சுக்காரனுடையது, ஆள் பிடித்துக் கொடுத்தவன் நம்மவன். லாந்தர் தம்பியின் கதைகளில் கொடுமைக்காரர்கள் எல்லாரும் தொப்பி போட்டவர்கள், செத்தவர்களும் தொப்பி போட்டவர்கள். தமிழன் ஒருவன்கூட ஒரு கதையிலும் வரவில்லை, பல்லக்குத் தூக்கியாகக்கூட!

நடை பெரிய வாய்க்காலைத் தாண்டவே இல்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று அவர்கள் பிரித்துவைத்தது போலவே பயணமும் கிழக்கோடு நின்றது. மேற்கேயும் தெற்கேயும் எத்தனை கிடக்கிறது! 1936 ஜூலை 30 அன்று எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்ட மில் தொழிலாளிகள் மேல் பிரெஞ்சு அரசின் படை சுட்டது, 12 பேர் செத்தார்கள். என் தாத்தாவின் அண்ணன் அன்று சவானா மில்லுக்குள் இருந்தவர், ஒரு நூல் மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்துத் தப்பித்தாராம். கடைசிவரை அவர் தீபாவளிக்கு வெடி வெடிக்க விட்டதில்லை, நாங்கள் சின்னப் பிள்ளைகள் அவரைக் கஞ்சன் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமானது. என் காலத்தில் ரோடியர் மில் சங்கு ஊதினால்தான் எங்கள் தெருவில் உலை வைப்பார்கள். அந்த மில்லையும் 2020-ல் மூடிவிட்டார்கள். அங்கே லாந்தர் வேண்டாம், தெருவிளக்கே போதும்.

கடைசியில் கடற்கரையில் காந்தி சிலை பக்கம் கொண்டுவந்து நிறுத்தி, ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். அதுவரை பேசாமல் வந்த ஒருவர் கையைத் தூக்கினார். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவுக்காரர், அறுபது வயது இருக்கும், நம் ஊர் ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அப்படி ஒரு முகம். ஆனால் ஒரு வார்த்தை தமிழ் வராது. என் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சை வைத்துச் சமாளித்தேன். கூலிகளை எங்கிருந்து கப்பல் ஏற்றினார்கள் என்று கேட்டார். தம்பி விழித்துவிட்டு, "அது நம்ம ரூட்ல இல்ல சார்" என்றார்.

நாங்கள் நின்றுகொண்டிருந்ததே அந்தக் கடற்கரைதான். 1848-ல் பிரான்ஸ் அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. ஒப்பந்தம் என்று பெயர் வைத்து இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஆளனுப்பினார்கள். குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 இந்தியர்கள் போனார்கள். கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சலங்கு என்கிற படகில் ஏற்றி அலை தாண்டிக் கொண்டுபோய் விடுவார்கள். 1866-ல்தான் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் கட்டினார்கள், அதுவும் 1952 புயலில் போய்விட்டது. இதையெல்லாம் எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் உளறிக்கொட்டினேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த ஒரு நகலை எடுத்துக் காட்டினார். அந்தத் தீவின் ஆவணக் காப்பகத்தில் எடுத்ததாம், அவருடைய பூட்டனாரின் பதிவு. ஒரு எண், வயது 22, பிரெஞ்சு உச்சரிப்பில் உருக்குலைந்த ஒரு தமிழ்ப் பெயர், ஊர் என்ற இடத்தில் 'வில்லெனூர்'. நாலு நாளாக ஓட்டலிலும் ஆட்டோக்காரர்களிடமும் அவர் சொன்ன மாதிரியே சொல்லிக் கேட்டிருக்கிறார், யாருக்கும் புரியவில்லை. எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வில்லியனூர்! டவுன் பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்.

மறுநாள் காலை நானும் பையனும் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவரை ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. பஸ்ஸில் ஏறியவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, இடம் வந்தால் எப்படித் தெரியும் என்று என்னைக் கேட்டார். கோயில் கோபுரம் தெரியும், கண்டக்டரிடமும் சொல்லியிருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நாங்களும் ஏறி உட்கார்ந்துகொண்டோம்.