சனிக்கிழமை கடல், ஞாயிற்றுக்கிழமை கோயில்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேலத்தில் வேன் ஏற வேண்டும். சனிக்கிழமை கர்நாடகக் கடலோரத்து முருதேஸ்வர் கோயில், கடற்கரை. ஞாயிறு காலை நேத்ராணி தீவில் ஸ்கூபா டைவிங். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு கிளம்பினால் திங்கள் விடியலில் வீடு. போன மாதம் எட்டுப் பேர் காசு கட்டிப் போன பயணத்தின் அட்டவணை இது. முதல் நாள் சாமி, மறுநாள் கடல். கேட்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வரிசையே தப்பு என்பது என் கட்சி. அதுவும் ஏற்காட்டுக்காரனுக்கு ரொம்பத் தப்பு.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். பழம் பறிக்கும் சீசனில் சனிக்கிழமை லீவு கிடைத்ததே பெரிய விஷயம். திங்கள் காலை நான் இல்லையென்றால் கூலிப் பட்டியல் நின்றுவிடும். கிளப்பிவிட்டவர் மச்சான். சேலம் அஸ்தம்பட்டியில் இருந்துகொண்டு வருடத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும் அவருக்கு. இந்த வருடம் கடல்.

சனிக்கிழமை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 123 அடி சிவன், 20 நிலைக் கோபுரம், லிஃப்டில் மேலே போய்ப் பார்த்தோம். மச்சான் மட்டும் விடாமல், "நம்ம முத்துமலை முருகன் 146 அடி மாப்ளே" என்று அங்கே வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் படகு. நேத்ராணி கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர். மேலிருந்து பார்த்தால் இதய வடிவமாம். எனக்கென்னவோ எங்கள் சேலத்து ஜருகுமலையில் ஒரு துண்டை வெட்டிக் கடலில் போட்ட மாதிரி இருந்தது. தீவில் கால் வைக்க முடியாது, பக்கத்தில் படகை நிறுத்தித் தண்ணீரில் இறக்குகிறார்கள். இறக்குவதற்கு முன் ஒரு படிவம் தருகிறார்கள். ஆஸ்துமா உண்டா, காதில் ஆபரேஷன் உண்டா, இப்போது சளி உண்டா என்று வரிசையாகக் கேள்வி. எங்களில் ஒருவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டார். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அது வேலை செய்யும்வரை காது திறந்திருக்கும். தண்ணீருக்குள் இருக்கும்போதே அதன் வேகம் அடங்கினால், மேலே வரும்போது காதுக்குள் இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். பயிற்சி கொடுத்த புதுச்சேரித் தம்பி அவர் குரலைக் கேட்டே கண்டுபிடித்துப் படகிலேயே உட்கார வைத்துவிட்டான். அவருக்கு இன்னும் கோபம்.

எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணறு. முதுகில் சுரைக்குடுக்கை கட்டித் தள்ளிவிடுவார்கள். தம் கட்டி அடிவரை போய் ஒரு கைப்பிடி சேற்றை அள்ளிக்கொண்டு வருகிறவன்தான் அந்தக் கோடைக்கு ராஜா. கடலில் முதல் பாடமே 'தம் கட்டாதே' என்பதுதான். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அதே காற்று இரண்டு மடங்காக உப்பும், நுரையீரல் கிழியும். கிணற்றில் இழுத்த மூச்சு மேலே இழுத்தது, அதனால் தப்பித்தோம். நாற்பது வயதில் இதை மறந்து பழகுவது லேசு இல்லை.

காது விஷயத்தில் மட்டும் மலைக்காரனுக்குக் கொஞ்சம் முன் அனுபவம் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் முழுங்கினால் 'டப்' என்று விடும். கடலில் மூக்கைப் பொத்திக்கொண்டு மெல்ல ஊத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அளவைப் பாருங்கள். ஏற்காட்டிலிருந்து சேலம்வரை 20 வளைவும் இறங்கி வந்தால் கூடுகிற காற்றழுத்தம், கடலில் நாலரை அடி இறங்கினால் கூடுவதற்குச் சமம். ஆள் உயரம்கூட இல்லை! கடல் அதை ஒரே மிதியில் செய்துவிடுகிறது.

கீழே என்ன பார்த்தேன் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மேட்டூர் டேம் மீனைத் தவிர வேறு மீன் பெயர் தெரியாதவனிடம் கேட்டால் என்ன சொல்வது. மஞ்சளும் கறுப்புமாக ஒரு கூட்டம், பாறை இடுக்கில் வாயைத் திறந்து மூடிக்கொண்டு பாம்பு மாதிரி நீளமான ஓர் அஞ்சாளை மீன். ஆனால் இன்னும் கண்ணில் நிற்பது என் மணிக்கட்டில் இருந்த சிவப்புக் கயிறு. இறங்க இறங்க அது பழுப்பாகி, பத்து மீட்டருக்குப் பக்கத்தில் கரிக்கயிறாகிவிட்டது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தானாம். மேலே வந்து பார்த்தால் பழையபடி சிவப்பு.

அன்று இரண்டு முறை இறங்கினோம். பதினொன்றரைக்கு முடித்துப் படகில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தபோது அந்தத் தம்பி பேச்சுவாக்கில் கேட்டான்.

"அண்ணா, சேலத்துல எந்தப் பக்கம்?"

"ஏற்காடு தம்பி."

"மலை மேலயா? எப்பப் போறீங்க?"

"இன்னிக்கு ராத்திரியே, பெங்களூரு வழியா."

அவன் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டான்.

விஷயம் இதுதான். ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கரைகிறது. மேலே வந்ததும் அது மெதுவாக மூச்சு வழியே வெளியேற வேண்டும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கோலி சோடாவைத் திறந்த கதைதான், உடம்புக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டு வலி, மரமரப்பு, மோசமானால் கை கால் விழுந்துவிடும். அதனால்தான் டைவிங் முடிந்து விமானம் ஏற, ஒரே முறை இறங்கியவர் 12 மணி நேரமும், திரும்பத் திரும்ப இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருக்கச் சொல்கிறார்கள். விமானத்துக்குச் சொன்னது மலைக்கும்தான். 2,000 அடியைத் தாண்டினாலே இந்தக் கணக்கு. பெங்களூரு சுமார் 3,000 அடி, ஏற்காடு கிட்டத்தட்ட 5,000. ஏற்காடு ஏறுவது நாலரை அடித் தண்ணீர்தானே என்று நானும் கேட்டேன். "தளும்புற குடத்துக்கு ஒரு சொம்பே போதும்ணா" என்றான்.

எங்கள் வேன் ராத்திரி பத்து மணிவாக்கில் பெங்களூரு, விடிவதற்குள் ஏற்காடு. இரண்டுமே 18 மணி நேரத்துக்குள். படகில் ஏறியதோடு கடலிலிருந்து மேலே வந்துவிட்டோம் என்று நினைத்திருந்தேன். என் விஷயத்தில் இருபதாவது வளைவு தாண்டினால்தான் மேலே வந்ததாகக் கணக்கு.

வேனில் பெரிய வாக்குவாதம். டிரைவருக்குத் திங்கள் வேறு வாடகை. கடைசியில் நானும் இன்னொருவரும் மட்டும் பிரிந்து மங்களூருக்குப் பஸ் பிடித்து, ராத்திரி ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அந்தப் பாதை கடற்கரையோடு வந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தாழ்வாகவே நம் பக்கம் நுழைகிறது. கோயம்புத்தூர்கூட 2,000 அடிக்குக் கீழேதான். சேலம் ஆயிரம் அடிகூட இல்லை. திங்கள் சாயங்காலம் மலை ஏறினேன். ஒருநாள் சம்பளம் போனது, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

பெங்களூரு வழியாக வந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். டீசலை மிச்சம் பிடிக்க மலையில் நியூட்ரலில் இறங்கி, முழுசாக அடிவாரம் சேர்ந்தவர்களும் எங்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு.

என் கேள்வி பேக்கேஜ் போடுகிறவர்களுக்குத்தான். நாள் கூட்ட வேண்டாம், காசு கூட்ட வேண்டாம். சனிக்கிழமை காலை ஊர் சேர்ந்ததும் தூங்க விடுங்கள், முன்மதியம் கடலில் இறக்குங்கள். ஞாயிறு முழுக்கக் கோயிலும் கோபுரமும் இருக்கட்டும். சாயங்காலம் கிளம்பினால் ஒரு நாளுக்கு மேல் ஆகியிருக்கும், எந்த மலை வழியாக வேண்டுமானாலும் ஓட்டுங்கள். அந்தமான் போய்வருகிறவர்களும் இதையே பாருங்கள், கடைசி நாள் காலை டைவிங், மத்தியானம் விமானம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். சாமியை முதலில் பார்க்காவிட்டால் கோபித்துக்கொள்ளமாட்டார்.

மார்ச்சில் மறுபடி போக மச்சான் ஆள் சேர்க்கிறார். குரூப்பில் புது அட்டவணை வந்தது, கடல் சனிக்கிழமைக்கு வந்திருக்கிறது. என்ன மச்சான், திருந்திட்டீங்களா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல மாப்ளே, ஞாயித்துக்கிழமை படகுல கூட்டம்."