ட்வோர்ஷாக்கின் முதல் ஐந்து சிம்பொனிகளைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்

நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைப் பற்றித்தான். லிங்க் தரப்போவதில்லை, எல்லாரும் பார்த்திருப்பீர்கள். செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பது சிம்பொனிகளில் கடைசி மூன்று போதுமாம், முதல் ஐந்தும் முழுத் தொகுப்பு என்று விற்கும் சிடி பெட்டியை நிரப்புவதற்காக ரெக்கார்டு செய்தவையாம். மூன்றாவதைக் கேட்டிருக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். "அதற்கெல்லாம் நேரம் இல்லை" என்று பதில் வந்தது. கேட்க நேரம் இல்லை, தீர்ப்புச் சொல்ல மட்டும் நேரம் இருக்கிறது. எனக்குப் பொறுக்காமல் போனது அங்கேதான்.

முதல் சிம்பொனியை எழுதிய 1865இல் அவருக்கு வயது 23. பிராகில் ஒரு நாடக அரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) வாசித்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஸ்கோரை, அதாவது எழுதிய இசைக்குறிப்பை, ஜெர்மனியில் ஒரு போட்டிக்கு அனுப்பினார், அது திரும்பி வரவேயில்லை. தொலைந்தது என்றே நினைத்து 1904இல் இறந்தும் போனார். உண்மையில் அதே குடும்பப் பெயர் கொண்ட, சொந்தம் எதுவும் இல்லாத ஒருவர் 1882இல் லைப்சிக் பழைய புத்தகக் கடையில் அதை வாங்கி வைத்திருந்தார். முதன்முதலாக மேடை ஏறியது 1936இல், செக் நாட்டின் பிர்னோ நகரில். எழுதியவர் ஒரு தடவைகூடக் கேட்காத சிம்பொனி அது, திருத்தவும் வாய்ப்புக் கிடைக்காத சிம்பொனி. நீளமாக இருக்கிறது, சில இடங்களில் சொன்னதையே சொல்கிறது, சரி. அதை வைத்து ஐந்தையும் தள்ளிவிடுவதா?

"அவரே எரிக்க நினைத்தவற்றை நீ ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்?" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். இரண்டாவதன் கதையைச் சொல்கிறேன். அதன் ஸ்கோரைப் பைண்டிங் செய்ய ட்வோர்ஷாக்கிடம் காசு இல்லை. மோரிட்ஸ் ஆங்கர் என்ற நண்பர் பணத்தைக் கட்டினார், கொடுத்தால் அழித்துவிடுவாரோ என்ற பயத்தில் ஸ்கோரைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். இருபது வருடத்துக்கு மேல் கழித்து அதே ட்வோர்ஷாக் அதைத் திருத்தி 1888இல் பிராகில் அரங்கேற்றினார். வேண்டாத பொருள் என்றால் அந்த வயதில், அந்தப் புகழில், எதற்கு அந்தப் பாடு?

எனக்கு ஆங்கர் மாதிரி ஒருவர் வாய்க்கவில்லை. கல்லூரி நாட்களில் என் கதை நோட்டை ஒரு மூத்தவரிடம் கொடுத்தேன். அவர் கூட்டத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்துச் சிரித்துவிட்டு, இதையெல்லாம் எரித்துவிட்டு வா என்றார். எரிக்கவில்லை. ஆனால் அப்புறம் பல வருடம் எழுதியதை யாருக்கும் காட்டவில்லை. ஆரம்பகால வேலைகளை யாராவது இப்படி அலட்சியமாகத் தள்ளும்போது எனக்கு அந்தச் சிரிப்புச் சத்தம்தான் கேட்கிறது.

அடுத்து, இவை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் காப்பி என்பார்கள். 1863இல் வாக்னர் பிராகுக்கு வந்து கச்சேரி நடத்தியபோது அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் வயோலா வாசித்தவர் இவர். ஒட்டத்தான் செய்யும். அதனால் என்ன? மூன்றாவதன் நடுப்பகுதியைக் கேளுங்கள். சவ ஊர்வல நடையில் தாழ்ந்து நகர்கிற இசை, திடீரென்று ஹார்ப் சேர்ந்ததும் வெளிச்சமான மேஜர் ஸ்கேலுக்கு மாறி விரிகிற இடம் இருக்கிறதே, அதற்கு யாருடைய பெயரை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கிறது. 1874இல் அதை முதலில் மேடையில் நடத்தியவர் செக் இசையின் மூத்த மேதை ஸ்மெட்டனா. அவருக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது!

பெட்டியை நிரப்பத்தான் ரெக்கார்டு செய்தார்களாம். 1960களில் இசை நடத்துநர் இஸ்த்வான் கெர்டெஸ் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவோடு டெக்கா என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ஒன்பதையும் பதிவு செய்தார். அந்த ஊர்வலத்தை அவர் எங்கேயும் இழுக்கவில்லை, தொய்யவிடவில்லை, பித்தளை வாத்தியங்கள் கூர்மையாக வந்து நிற்கின்றன. கடனுக்கு வாசித்தால் இப்படி வராது. 43 வயதில் கடலில் மூழ்கி இறந்துபோன மனிதர் அவர், அவருடைய உழைப்பை நிரப்பல் என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? 2014இல் வந்த, இன்னொரு நடத்துநரான பெலோலாவெக்கின் செட் செக் பில்ஹார்மோனிக்கோடு செய்தது. வேகம் குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம், ஆனால் அதில் மரக்குழல் வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும் அழகு எனக்குக் கெர்டெஸிடம்கூடக் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனியான 'நியூ வேர்ல்ட்' முதலில் அச்சானபோது அதன் எண் ஐந்து. முதல் நான்கும் கணக்கிலேயே இல்லை. ஒன்பது என்று உலகம் எண்ணப் பழகியதே 1950களுக்கு அப்புறம்தான். அவ்வளவு காலம் எடுத்து மீட்ட இசையை ஒரு ஸ்டேட்டஸில் மறுபடி கழித்துவிடுகிறார்கள், கேட்காமலேயே.

மூன்றாவது சிம்பொனி அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான். கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று எழுதுங்கள், எந்த இடம் பிடிக்கவில்லை என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசத் தயார். கேட்காமல் வருபவர்களுக்கு இந்தப் பதிவின் கீழ் நான் பதில் போடுவதாக இல்லை.