மெம்பிஸ் பாலத்து விரிசல்: ஒருவரை வேலையை விட்டு அனுப்பினால் போதுமா?

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்தை ஒட்டி, மிசிசிப்பி ஆற்றுக்கு மேல் ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலம் இருக்கிறது. இரண்டு பெரிய இரும்பு வளைவுகள். 1973-ல் திறந்தது. ஐ-40 நெடுஞ்சாலை டென்னசி மாநிலத்திலிருந்து ஆர்கன்சா மாநிலத்துக்குள் நுழைவது இதன் வழியாகத்தான். 2018-ல் வளைவு முழுக்க எல்.இ.டி. விளக்கு போட்டார்கள். ராத்திரியில் அவ்வளவு அழகு.

2021 மே 11 அன்று, பரிசோதனைக்குப் போயிருந்த பொறியாளர் ஒரு விரிசலைப் பார்த்தார். மேலதிகாரிக்கு அறிக்கை எழுதி அனுப்பிக் காத்திருக்கவில்லை. நேராக அவசர உதவி எண்ணான 911-க்குப் போன் போட்டு, பாலத்தில் இருக்கிற வண்டிகளை உடனே வெளியேற்றுங்கள் என்றார். தினமும் சுமார் 40,000 வண்டிகள் போன சாலை அன்றைக்கே அடைக்கப்பட்டது. கீழே ஆற்றிலும் போக்குவரத்தை நிறுத்தினார்கள். நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகள் மூன்று நாள் காத்துக் கிடந்தன.

அந்த மனிதர் ஏன் அவ்வளவு பதறினார் என்பது பாலம் நிற்கிற விதத்தைப் பார்த்தால் புரியும். நாண் ஏற்றிய வில்லைக் கிடையாக வைத்ததுபோன்ற அமைப்பு அது. பாரம் ஏற ஏற, வளைவின் இரண்டு முனையும் வெளிப்பக்கமாக விரியப் பார்க்கும். விரிய விடாமல் இழுத்துப் பிடிப்பது சாலை மட்டத்தில் நீளமாக ஓடும் பெட்டி வடிவ இரும்பு உத்திரம். விரிசல் விழுந்தது அந்த உத்திரத்தில். அதுவும் மேலாகக் கீறினாற்போல இல்லை, உத்திரத்தின் குறுக்கே பாதி அளவுக்குப் பிளந்திருந்தது. மிச்சப் பாதியும் விட்டிருந்தால் இரண்டு தூண்களுக்கு நடுவே 900 அடி நீளமுள்ள அந்தப் பகுதி நின்றிருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பட்டறையில் தகடுகளைப் பற்றவைத்தபோதே உண்டான சின்னக் குறையிலிருந்து கிளம்பிய விரிசல் என்று பிறகு நடந்த ஆய்வில் தெரிந்தது. அதைக்கூட ஏற்றுக்கொள்ளலாம், 1970-களின் பற்றவைப்பில் குறை இருக்கலாம். என்னால் தாங்க முடியாதது வேறு. 2019-ல் டிரோன் எடுத்த வீடியோவில் அந்த விரிசல் இருக்கிறது. 2016-ல் சிறு படகில் ஆற்றோடு போன ஒருவர் எடுத்த போட்டோவிலும் இருக்கிறது! அத்தனை வருடமும் பாலத்துக்குப் பரிசோதனை நடந்துகொண்டுதான் இருந்தது.

ஆர்கன்சா போக்குவரத்துத் துறை, முன்பு பாலத்தைப் பரிசோதித்த ஒரு பரிசோதகரை வேலையை விட்டு நீக்கியது. அவர் பார்த்திருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு ஆள் கோட்டை விட்டதை வருடக்கணக்கில் இன்னொரு ஆள் கண்டுபிடிக்கவில்லை என்றால், அது ஒரு ஆளின் தப்பு மட்டும் இல்லை. இப்படிப்பட்ட உத்திரத்தைக் கை எட்டும் தூரத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதியே இருக்கிறது. 1967-ல் ஒஹாயோ ஆற்றில் சில்வர் பாலம் விழுந்து 46 பேர் செத்த பிறகு வந்த பரிசோதனைச் சட்டத்தின் வழியாக வந்த விதி. கை எட்டும் தூரத்துக்கு ஆள் போனாரா, போவதற்கு ஏணியும் கயிறும் நேரமும் கொடுத்தார்களா, அவர் எழுதிக் கொடுத்ததை மேலே யாராவது சரிபார்த்தார்களா? இதற்கெல்லாம் மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பதில் சொல்ல வேண்டும். நீக்கல் உத்தரவு அடிமட்டத்தோடு நின்றுவிட்டது என்பதுதான் என் கோபம்.

இரும்புத் தகடுகளை வைத்து முடுக்கி, சந்தேகமாக இருந்த மற்றப் பற்றவைப்புகளையும் பலப்படுத்தி, ஆகஸ்ட் தொடக்கத்தில் திறந்தார்கள். அதுவரை ஐ-40 வண்டிகளையும் சேர்த்துச் சுமந்தது பக்கத்தில் இருக்கும் ஐ-55 பாலம். 1949-ல் திறந்த கிழட்டுப் பாலம் அது. இப்போது அதற்குப் பதிலாகப் புதுப் பாலம் கட்ட 2024-ல் மத்திய அரசு பணம் ஒதுக்கியிருக்கிறது. நல்ல விஷயம். அந்தப் புதுப் பாலத்தில் எந்த உறுப்புக்கும் பரிசோதகர் நடந்தே போய்த் தொட்டுப் பார்க்கிற மாதிரி வழியை வரைபடத்திலேயே வைக்கட்டும். விளக்குக்கான பட்ஜெட்டை அதற்குப் பிறகு போடலாம்.