பதில் தராமல் இழுத்தடிப்பதும் தணிக்கைதான்

இலங்கையில் தமிழ் வானொலி ஒன்று தொடங்க அனுமதிப்பத்திரம் கேட்டு விண்ணப்பித்த என் சின்னம்மாவின் மகன், பதிலே வராததால் வழக்குப் போட்டிருக்கிறான். நேற்றும் அதன் தவணை தள்ளிப்போய்விட்டது. என்னை உறுத்துவது அதற்குப் பிறகு வந்த அறிவுரைகள்: "வழக்குப் போட்டால் அதிகாரிகள் இன்னும் முறுக்கிக்கொள்வார்கள், பொறுமையாக இருந்திருக்கலாம்."

பொறுமையாகத்தானே இருந்தான்! விண்ணப்பித்துவிட்டு அவன் நடந்த நடையை நான் பார்த்திருக்கிறேன். ஒருநாள் கூடவும் போனேன். மேசையில் அவனுடைய கோப்பு, ஓரமெல்லாம் நைந்து கிடந்தது. அலுவலர் அதைத் திறக்கவே இல்லை. "மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை, தம்பி." அதையாவது எழுத்தில் தாருங்கள் என்றோம். தரவில்லை. அவனுக்குப் பின்னால் விண்ணப்பித்தவர் ஒலிபரப்பே தொடங்கிவிட்டார்.

மறுத்தால் வழக்காடலாம். அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை. பதிலே வராதவனுக்கு அந்த ஒரு மாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது? அதிகாரிகளைக் கடமையைச் செய்யச் சொல்லி உத்தரவிடுமாறு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாமே என்பீர்கள். அதைத்தான் போட்டிருக்கிறான். சட்டத்தரணிக்கும் காசு, பூட்டிக் கிடக்கும் கலையகத்துக்கும் வாடகை.

அலைவரிசை மட்டுப்பட்டது, கேட்பவர்களுக்கெல்லாம் கொடுக்க முடியுமா என்கிறார்கள். எல்லோருக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. யார் தீர்மானிப்பது என்றுதான் கேட்கிறேன். 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டமும் 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினி (அரச தொலைக்காட்சி) சட்டமும் தனியாருக்கான அனுமதிப்பத்திரத்தை அமைச்சர் கையில் வைத்தன. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது, அரசாங்கத்தின் பிடிக்குள் இல்லாத சுயாதீன அமைப்பே இதைச் செய்யவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சட்டமூலம் கைவிடப்பட்டது. அமைச்சரின் அதிகாரம் மட்டும் அப்படியே நின்றது. வெறுப்புப் பேச்சைக் கட்டுப்படுத்த வேண்டாமா என்றால், வேண்டும். அதற்கும் பக்கம் சாராத அமைப்புத்தான் வேண்டும்.

2007 ஒக்டோபரை மறந்துவிட்டீர்களா? ஒரு செய்திக்காகச் சூரியன் எஃப்.எம். உட்பட ஒரே நிறுவனத்தின் ஐந்து வானொலிகளின் அனுமதி ரத்தானது. கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் அம்மா வானொலியைத் திருகித் திருகிப் பார்த்தார், இரைச்சல்தான் வந்தது. பறிக்க அவ்வளவு வேகம் இருந்தது. கொடுக்கும்போது மட்டும் கோப்பு நகராது. அப்போதும் எங்களிடம் பொறுமை என்றுதான் சொன்னார்கள். எங்கள் மொழியில் ஒரு செய்தி கேட்பதற்கு நாங்கள் எத்தனை பேருடைய தயவை எதிர்பார்ப்பது?

அறிவுரை சொல்பவர்கள் அவனுக்கு ஒரு கடிதம் வாங்கித் தாருங்கள். "இல்லை" என்றாவது, காரணத்தோடு, கையெழுத்தோடு. அதுவரை வழக்கு நடக்கும். அடுத்த தவணைக்கு நானும் புதுக்கடை நீதிமன்றத்துக்குப் போகிறேன்.