தடம் மங்குவதையும் சொல்லியிருக்கலாம்

எறும்புகள் முன்னே போனவை விட்ட வாசனையைப் பின்பற்றி நல்ல வழி கண்டுபிடிப்பதைப் பார்த்து, அதேபோல விடை தேட உருவான கணினி வழிமுறை பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் எறும்பு விட்டுச்செல்லும் வாசனைத் தடத்தைச் சொன்ன நீங்கள், அது ஆவியாகி மறைவதை விட்டுவிட்டீர்களே! வழிமுறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மார்கோ டோரிகோ 1992-இல் மிலானில் சமர்ப்பித்த முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து வளர்ந்த முறை இது. தடம் மங்காவிட்டால், முதலில் தற்செயலாகக் கிடைத்த சுமாரான வழியிலேயே எல்லா எறும்பும் போய் மாட்டிக்கொள்ளும்.

பட்டறையில் எந்த வேலை எந்த மெஷினில் முதலில் என்று வரிசை போடுபவன் நான். எனக்கு ஒவ்வொரு வரிசையும் எறும்பின் ஒரு வழி மாதிரி. லேத், மில்லிங், டிரில்லிங் என மூன்று மெஷின், ஐந்து வேலை என்று வையுங்கள். ஒரு மெஷினில் மட்டும் 120 விதமாக அடுக்கலாம். மூன்றுக்கும் சேர்த்தால் 17,28,000! சிலது நடக்கவே நடக்காது, சரி, மிச்சத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? 1963-இல் வெளியான, 10 வேலையும் 10 மெஷினும் கொண்ட ஒரு மாதிரிக் கணக்குக்கு எல்லா வேலையும் முடிய 930 நேர அலகுதான் மிகக் குறைந்த நேரம் என்று நிரூபிக்கவே 1989 ஆகிவிட்டது.

அப்புறம், எறும்பு முறை நல்ல விடை தரும். இதைவிடச் சிறந்தது இல்லை என்ற உறுதியைத் தராது. காலை ஷிப்டுக்குள் வரிசை கையில் வேண்டும் என்கிற எங்களுக்கு அந்த நல்ல விடையே பெரிய உதவி.