ஊத்திக் குடுத்தவனே போட்டோவும் எடுப்பானாம்

ரீயூனியன் போட்டோ மேட்டர் பத்தி வாயத் தொறக்க வேணாம்னுதான் இருந்தேன். ஆனா ரெண்டு நாளா இன்பாக்ஸ்ல "பாத்தியாடா, உன் சிஷ்யப்பிள்ள மறுபடி சாஞ்சுட்டான்"னு சிரிப்பு எமோஜியோட அனுப்பிட்டே இருக்கீங்க.

வருஷக்கணக்கா குடிய தொடாம இருந்தவன் அவன். ஈசிஆர் ரிசார்ட்ல "ஒரு பெக்குல என்னடா ஆயிடப் போகுது, பொண்டாட்டிக்குப் பயமா"ன்னு கையில கிளாஸ திணிச்சது யாரு? இப்ப பஸ் ஸ்டாண்ட்ல வேட்டி அவுந்து கெடக்குறவன போட்டோ எடுத்து "மன உறுதி இல்லாதவன்"னு குரூப்ல போட்டது யாரு? ரெண்டும் ஒரே மகராசன். அதுக்கு முப்பது பேரு லைக்கு வேற.

குடிக்கு அடிமையாகுறது நோய்ங்க. மன உறுதி மேட்டர் இல்ல. இனிப்ப நிறுத்துன சுகர் பேஷண்ட் வாயில ஜிலேபிய திணிச்சுட்டு அப்புறம் அவரு கால்ல புண்ணு வந்தா போட்டோ எடுத்துப் போடுவீங்களா?

மன உறுதி பத்தி என்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன். ஒரு பொங்கலுக்கு, டாக்டர் கீக்டர் யாரும் வேணாம்னு, வைராக்கியமா வீட்டுலயே நிறுத்துனவன் நான். மொத நாள் டீ கிளாஸ ரெண்டு கையால புடிச்சும் டீ பூரா சட்டையில. ரெண்டாம் நாள் ராத்திரி செவுத்துல சாரை சாரையா எறும்பு, தொடச்சுத் தொடச்சுப் பாக்குறேன் போகல, வேற யாரு கண்ணுக்கும் தெரியவும் இல்ல. அம்மா காத்து கருப்புன்னு திருநீறு பூசி மாரியம்மன் கோயில் கயிறு கட்டுனாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் மொதல்ல பி1 வைட்டமின் ஊசி, அப்புறம்தான் குளுக்கோஸ்னு நர்ஸ்கிட்ட சொல்லிட்டு, "தெனம் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்துனா வலிப்பு வந்து உயிரே போகும், உங்கள யாரு வீட்டுல நிறுத்தச் சொன்னது"ன்னு திட்டுனாரு. இதான் மன உறுதிக்குக் கெடச்ச பரிசு!

2020 லாக்டவுன்ல டாஸ்மாக் கடைய ராத்திரியோட ராத்திரியா மூடுனப்ப என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? பக்கத்து கேரளாவுல டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு குடுக்கலாம்னு கவர்மெண்டே ஆர்டர் போட்டு, ஹைகோர்ட் அத நிறுத்தி வச்சுது. இங்க கண்டதையும் குடிச்சு செத்தாங்க. நம்மாளுங்க மீம்ஸ் போட்டுட்டு இருந்தோம்.

உடனே ஒருத்தர் வருவாரு, "எங்க பெரியப்பா ஒரே நாள்ல தூக்கிப் போட்டாரு"ன்னு. ரொம்ப சந்தோஷம். உங்க பெரியப்பா பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி கை நடுக்கத்துக்கு கட்டிங் போட்டவரா? இல்லல்ல? அப்ப சும்மா இருங்க.

"நோய்னு சொன்னா பொண்டாட்டி வாங்குன அடிக்கு என்ன பதில்?" இது நியாயமான கேள்விதான். நோய்ங்கறதால அடி வலிக்காமப் போயிடாது, அவங்க மன்னிச்சே ஆகணும்னும் சட்டம் இல்ல. ஆனா இதக் கேக்குறவங்க ஒருத்தராவது அந்தப் பொண்டாட்டிக்கு ஒரு மாச வாடக குடுத்திருக்கீங்களா? சரி, விடுங்க, அது வேற சண்ட.

இதுல இன்னொரு கொடும, செவுத்துல எழுதியிருக்குமே, "குடிப்பவருக்குத் தெரியாமலே" சாப்பாட்டுல கலக்குற பொடி. சிலதுல டைசல்ஃபிராம்னு குடிய விடுறதுக்குக் குடுக்குற மாத்திரையே இருக்கும். அது உடம்புல இருக்கப்ப குடிச்சா மூஞ்சி செவந்து நெஞ்சு படபடத்து பிரஷர் எறங்கி ஆளே போகலாம். டாக்டர் சொல்லி, அவரும் ஒத்துக்கிட்டு போடுற மாத்திர அது. ரசத்துல கலக்குற சமாச்சாரம் இல்ல.

என்னக் காப்பாத்துனது ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மீட்டிங், குடிய விட நெனைக்கிறவங்க ஒண்ணா உக்காந்து பேசுற கூட்டம். 1935ல அமெரிக்காவுல ஒரு ஷேர் மார்க்கெட் ஆளும் ஒரு டாக்டரும், ரெண்டு பேருமே மொடாக்குடி, உக்காந்து பேசிப் பேசி ஆரம்பிச்சது. இங்க தமிழ்லயே நடக்குது, காசு கீசு கேக்க மாட்டாங்க. ஒரு நாள் ஒருத்தர் திரும்பக் குடிச்சுட்டு, கண்ணு வீங்கி, செருப்பு மாத்திப் போட்டுட்டு வந்தாரு. யாரும் ஏன்னு கேக்கல. நாற்காலிய இழுத்துப் போட்டு, டீயக் குடுத்து, "வந்தீங்கல்ல, அது போதும்"னாங்க. அவங்களுக்குத் தெரியும், திரும்பக் குடிக்கிறதும் இந்த நோயில வர்றதுதான்னு. முப்பது லைக்கு போட்ட படிச்ச மேதாவிங்களுக்குத்தான் தெரியல. 2017 மனநலச் சட்டத்துலயே குடியால வர்ற பிரச்சனையும் மனநோய் கணக்குலதான் வருது, சட்டத்துக்கே புரிஞ்சது நம்ம குரூப்புக்குப் புரியல பாருங்க.

"கடைய மூடுனா எல்லாம் சரியாயிடும்"னு கமெண்ட்ல ஆரம்பிக்காதீங்க. 2003லேர்ந்து சில்லறைக்கு ஊத்துறதே கவர்மெண்ட்தான், தாராளமா மூடச் சொல்லுங்க, நானும் கொடி புடிக்க வர்றேன். ஆனா மூடுற அன்னைக்கு நடுங்கிக்கிட்டு வர்றவனுக்கு ஜிஎச்ல பெட் இருக்கான்னு கேட்டுட்டு மூடச் சொல்லுங்க.

நல்லா இருக்கேன்னு சொன்னா மட்டும் நம்புறீங்களா? போன மாசம் கல்யாணத்துல எங்க மாமா "வாடா மாப்ள"ன்னு கட்டிப் புடிச்சாரு, பாசம்னு நெனச்சேன், மூக்க வாய்கிட்ட கொண்டு வந்து மோந்து பாத்துட்டு "பரவால்ல"ன்னாரு. பந்தியில நாலு பேரு பாக்க. அவரு வாயில அடிச்ச ஸ்காட்ச் வாடைய யாரும் கேக்கல, ஏன்னா அவரு வசதியான ஆளு.

வீட்டுல யாராவது இந்த நெலமையில இருந்தா 14446ங்கற போதை மீட்பு ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணுங்க, இலவசம். எனக்கு அட்வைஸ் பண்ண வர்றவங்க மொதல்ல அந்த முப்பது லைக்ல உங்க பேரு இருக்கான்னு பாத்துட்டு வாங்க.