பெயர் இருக்கிறது, கதை இல்லை

ஜனவரி 26, ஆகஸ்ட் 15 வந்தால் உள்துறை அமைச்சகத்தின் பதக்கப் பட்டியலைத் தேடிப் படிப்பது என் பழக்கம். தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு எத்தனை என்பதோடு பத்திரிகைகள் நிறுத்திக்கொள்ளும். நான் ஐ.பி. என்கிற மத்திய உளவுத்துறை வரும் இடம் வரை போவேன். பெயர், பதவி. அவ்வளவுதான். எதற்காகக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி இருக்காது.

வீரதீரப் பதக்கம் என்றால் எந்த ஊரில், எந்த மோதலில் என்று அரசிதழில் விவரமாக வரும். 2024-இல் பதினாறு பதக்கங்களை நான்காகச் சுருக்கினார்களே, அதில் மெச்சத்தகுந்த சேவைக்கான பதக்கத்துக்கு இந்த விவரம் கிடையாது. உளவுக்காரர்களுக்குப் பெரும்பாலும் வருவது இந்தச் சேவைப் பதக்கம்தான். அவர்கள் வேலை ஒழுங்காக நடந்தால் வெளியே ஒன்றுமே நடக்காது. வெடிக்காத குண்டு எந்தப் பேப்பரில் வரும்?

சரி, ரகசியம் வேண்டும்தான். தகவல் சொன்ன ஆள் இன்னும் அதே தெருவில் குடியிருப்பான். ஆனால் எத்தனை காலத்துக்கு?

அமெரிக்க உளவுத்துறையான சிஐஏவின் டோனி மெண்டஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் தெஹ்ரானில் கனடா தூதரக அதிகாரிகளின் வீடுகளில் ஒளிந்திருந்த ஆறு அமெரிக்கர்களை, சினிமா எடுக்க இடம் பார்க்க வந்த கூட்டம் என்று சொல்லி விமானம் ஏற்றிக் கூட்டிவந்தவர். சிஐஏ அவருக்கு இன்டெலிஜென்ஸ் ஸ்டார் என்ற பதக்கம் கொடுத்தது. ஊர் மெச்சியதோ கனடாவை. 1997-இல், சிஐஏவின் ஐம்பதாவது ஆண்டில்தான் அவர் வாய் திறக்க முடிந்தது. பதினேழு வருடம். அப்புறமாவது திறக்க விட்டார்களே!

இங்கே அந்த 'அப்புறம்' வருவதே இல்லை. தகவல் அறியும் சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஐ.பி.க்கும், வெளிநாட்டு உளவு பார்க்கும் 'ரா' அமைப்புக்கும் விலக்கு கொடுக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார் என்றால் மட்டும் கேட்கலாம். 2021-இல் ஓய்வூதிய விதியையும் திருத்திவிட்டார்கள். ஓய்வு பெற்ற உளவு அதிகாரி தன் பணி பற்றி எழுத வேண்டுமென்றால் துறைத் தலைவரின் முன் அனுமதி வேண்டும். மீறினால் பென்ஷனில் கை வைக்கலாம்.

எனக்கு உறுத்துவது இன்னொன்று. காரணமே தெரியாத பதக்கம் உழைத்தவருக்கு வந்ததா, சீனியாரிட்டிக்கு வந்ததா, மேலதிகாரிக்கு வேண்டியவருக்கு வந்ததா என்று யாரால் சொல்ல முடியும்? உயிரைப் பணயம் வைத்தவருக்கும் ஃபைல் தள்ளியவருக்கும் பட்டியலில் ஒரே மாதிரி ஒரு வரி.

முப்பது வருடம் கழித்து, அதே அரசிதழில், ஒரு பதக்கத்துக்கு ஒரு பத்தி எழுதட்டும். ஆட்களின் பெயரை, ஊரை வேண்டுமானால் மறைத்துக்கொள்ளட்டும்.